கீழத்தெரு முனையில் திரும்பிய பவனி

எழுபதுகளின் கடைசியில் கயத்தாறுக்குக் கிழக்கே ஒரு கரிசல் ஊரில் பள்ளி ஆசிரியராகவும் சபையின் உபதேசியாராகவும் இருந்தேன். போதகர் மாதம் ஒருமுறைதான் வருவார். குருத்தோலை ஞாயிறு ஆராதனையும் பவனியும் என் பொறுப்பு.

பவனி மூன்று தெருக்களைச் சுற்றும். கீழத்தெருவுக்குள் போவதில்லை. அங்கிருந்தவர்களும் எங்கள் சபையார்தான். ஆனால் கோவிலில் கடைசியில் பாய் விரித்து உட்காருகிறவர்கள். தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் அந்தத் தெருப் பெண் ஒருத்தி, பவனிக்கு முந்தின வாரம் பள்ளிக்கு வந்தாள். அவள் புருஷன் நெஞ்சு நோயில் படுத்துக் கிடந்தான்.

"அவியளால கோவிலுக்கு நடக்க முடியாதுய்யா. எங்க தெருவழியா ஒருதரம் வாங்க. ஒரு குருத்தோலையக் கையில பிடிச்சிட்டாப் போதும்ங்காவ."

"வாரோம்மா," என்றேன். சொல்வது சுலபமாக இருந்தது.

சனிக்கிழமை ஓலை கிழித்துக்கொண்டிருந்த சபைப் பெரியவர்களிடம் இதைச் சொன்னேன்.

"அங்கன போனா இந்த வருசம் அசனச் சாப்பாட்டுக்கு ஒரு வீட்டுலயும் அரிசி தரமாட்டாவ, சார்வாள்," என்றார் ஒருவர்.

"ஆண்டவரே கழுதை மேல ஏழையா வந்தவருதான," என்றேன்.

"கழுதை எந்தத் தெருவுலயும் போவும். நாம போவ முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதோடு பேச்சு முடிந்தது. வரமாட்டோம் என்று அவளிடம் போய்ச் சொல்லக்கூட எனக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பிரசங்கத்தில், ஓசன்னா என்பது வெறும் வாழ்த்து அல்ல, 'இப்போதே இரட்சியும்' என்ற கெஞ்சல் என்று விளக்கினேன். ஓசன்னா பாடி வரவேற்றுவிட்டு ஐந்து நாளில் ஆண்டவரைக் கைவிட்ட எருசலேம் கூட்டத்தைக் கடிந்து பேசினேன். பிறகு பவனி புறப்பட்டது. கீழத்தெரு முனையில் நின்று பார்த்தேன். தண்ணீருக்கு இரண்டு மைல் நடக்கிற கோடையில் அந்தத் தெரு முழுக்கத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். ஈரக் கரிசலின்மேல் சேலைகளை விரித்திருந்தார்கள். ஒரு வாசலில் கட்டில் கிடந்தது. அதில் ஒருவனைத் தலையணை அண்டக்கொடுத்து உட்கார்த்தியிருந்தார்கள்.

நான் கையை உயர்த்தி மேற்கே காட்டினேன். பிள்ளைகள் பாடிக்கொண்டே திரும்பினார்கள்.

புதன்கிழமை அவன் இறந்துபோனான். அடக்கம் செய்யத்தான் முதன்முதலாக அந்தத் தெருவுக்குள் போனேன். அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை.

"பாட்டுச் சத்தம் கிட்ட வந்துட்டுத் தூரமாப் போவுதேன்னு அவிய கேட்டாவ. வழி தெரியாமத் திரும்பிட்டாவ, இன்னா வந்துருவாவன்னு சொன்னேன். அன்னைக்குப் பொழுது சாயுறவரைக்கும் உள்ள வரமாட்டேன்னுட்டாவ."

மேசியாவை வரவேற்ற ஊர் அந்த ஒரு தெருதான் என்று எனக்கு அப்போதே தெரிந்தது. புத்தகத்தைத் திறந்து அடக்க ஆராதனையை வாசித்தேன். அதற்குப் பிறகும், அந்த ஊரில் இருந்த காலம் முழுவதும், ஒவ்வொரு ஆண்டும் பவனியை அதே முனையில்தான் திருப்பினேன்.