மிஷின் ஓடட்டும்

போன வாரம் திருப்பூரில் மண்ணரைப் பக்கம் ஒரு சந்தில் நடந்தபோது, மிஷின் எண்ணெயும் பஞ்சுத்தூசியும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்குத் தும்மல் வரும். எனக்கு முதலில் ரஹீம் பாயின் பனியன் கொட்டகை நினைவுக்கு வந்தது, தும்மல் பிறகுதான்.

அறுபதுகளின் கடைசி. ஒரு நாளிதழுக்குத் திருப்பூரிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். செய்தி என்றால் பஞ்சு விலை, சைக்கிள் திருட்டு, அவ்வளவுதான். மிஷின் வைக்க நகராட்சி அனுமதி மறுத்தால் அப்போது கோவைக்கு அப்பீல் போகவேண்டும். முடிவு வருவதற்குள் வாங்கிப் போட்ட மிஷின் துருப்பிடித்துவிடும். வந்தாலும் 'நிராகரிக்கப்பட்டது' என்றிருக்கும். ஏன் என்று இருக்காது. அப்பீல்களை விசாரிக்கப் புதிதாக வந்த அதிகாரி ஒருவர் இதை மாற்றினார். இடத்துக்கே வருவார், இரு தரப்பையும் கேட்பார், முடிவையும் காரணத்தையும் அங்கேயே தமிழில் சொல்லிவிடுவார்.

பாய் இரண்டு நிட்டிங் மிஷின்களை வாங்கி வெள்ளோட்டம் விட்டிருந்தார். பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் ஆட்சேபித்ததில் அனுமதி கிடைக்கவில்லை. அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள்; பச்சைக் குழந்தை தூங்கவே இல்லை. அப்பீலும் தோற்றால் பாய் மிஷின்களை விற்கவேண்டியதுதான்.

அதிகாரியின் ஜீப் சந்தில் நுழைந்ததும், விசாரணைக்கென்று ஓடவிட்டிருந்த மிஷின்களைப் பாய் மரியாதைக்காக நிறுத்திவிட்டார். பழனியம்மாளோ, கேட்டதும், "அப்படியொண்ணும் பெரிய சத்தமில்லீங்க சாமி" என்றார். அதுவும் மரியாதைதான். ஆட்சேபித்தவரே இப்படிச் சொன்னால் எதை விசாரிப்பது? தலைப்பெல்லாம் யோசித்து வந்திருந்த நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.

அதிகாரி பழனியம்மாள் வீட்டுக்குள் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார். "பாய், மிஷின் ஓடட்டும்."

ஓடியது. பழனியம்மாள் கொடுத்த டம்ளரில் காப்பி நடுங்கியது. உள்ளே குழந்தை வீறிட்டது.

"எங்கூட்டுல காப்பி ஆத்தற வேலையே இல்லீங்க," என்றார் பழனியம்மாள். "பாயே ஆத்திக் குடுத்துருவாருங்க."

மிஷினை ஓடவிட்டுத் திரும்பி வந்து வாசலில் நின்ற பாய் விடவில்லை. "அதுக்கொரு கூலி குடுக்கப்படாதுங்களாக்கா?"

அதிகாரியே சிரித்துவிட்டார். மிஷின்களை எதிர்ச்சுவர்ப் பக்கம் நகர்த்தவேண்டும், அடியில் தடித்த ரப்பர் போடவேண்டும், விளக்கு வைத்த பிறகு ஓட்டக்கூடாது என்றார்.

"மத்தியானமும் குழந்தை தூங்குமுங்க..." என்று இழுத்தார் பழனியம்மாள்.

அதையும் சேர்த்தார். பாயின் முகம் சுண்டியது; ஆனால் மிஷின்கள் தப்பின. பிறகு பாய் வீட்டிலும் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

போகும் வீடுகளில் இப்படி ஏற்ற உபசாரம்தான் வினையாயிற்று. வேறொரு அப்பீலில் தோற்றவர், அதிகாரி எதிர்த்தரப்பு வீட்டில் கைநனைத்தார் என்று மனுப் போட, அவருக்கு மாற்றல் வந்தது. அடுத்து வந்த அதிகாரி விசாரணையைக் கோவை அலுவலக அறைக்கே கொண்டுபோய்விட்டார். ஒருமுறை அங்கே போயிருந்தேன். இன்னொரு கொட்டகை, இன்னொரு சுவர். சத்தம் தாங்கவில்லை என்று ஒரு வக்கீலும், சத்தமே இல்லை என்று மற்றவரும் நெடுநேரம் வாதாடினார்கள். அந்த அறையில் ஓடிக்கொண்டிருந்தது மின்விசிறி மட்டும்தான்.