மிக்சிங் அண்ணன் சொன்ன பொய்

முழங்கை வரை வெள்ளை மாவு அப்பிய ஒரு கைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. செல்லூரில் தண்ணீர் டியூப் செய்யும் பட்டறையில் நான் பேக்கிங்கில் இருந்தேன். பிளாஸ்டிக் பவுடரில், டியூப் வளைந்து கொடுப்பதற்கான ஆயிலை ஊற்றிப் பிசைகிறவர் மிக்சிங் அண்ணன். இப்போது அந்த வேலையை மெஷின் பார்க்கிறது. அன்றைக்கு அண்ணன் முறுக்குமாவு பிசைவதுபோல் வெறுங்கையால் பிசைவார். முதலாளி வாங்கிக் கொடுத்த கையுறை ஆணியில் தொங்கும். "உறையப் போட்டா பதம் எப்படித் தெரியும் தங்கச்சி?" என்பார். என் கல்யாணத்துக்கு மூன்று நாள் அடுப்படியில் நின்ற மனுசன்; அவர் சொன்னால் எனக்கு வேதவாக்கு.

ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். "உள்ள தறி ஓடுற மாதிரி இருக்கு. நூலறுந்து நூலறுந்து நிக்குது" என்றார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். இதயத் துடிப்பு தாளம் தப்பியிருக்கிறது என்ற டாக்டர், என்ன வேலை என்று கேட்டார். அண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "தறி ஓட்டுறேன்யா." டாக்டர் அதையே சீட்டில் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும், "பட்டறை மேல ஒரு பேச்சு வந்தா பூட்டிருவாங்கெ. திங்கிற சோத்துல மண்ணள்ளிப் போடவா?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அம்புட்டுத்தான் என் புத்தி.

சில மாதம் கழித்துப் பேப்பரில் படித்தேன். பிளாஸ்டிக்கை இளக்கும் இந்த வகை ரசாயனங்கள் இதய செல்களைக் கெடுக்கலாம், துடிப்பைக் குழப்பலாம் என்று ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிகிறதாம். மனிதர்களிடம் இன்னும் முடிவாகவில்லை என்றும் போட்டிருந்தது. இருந்தாலும் அந்தச் செய்தியைக் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டேன். சீட்டில் வேறு வேலையை எழுதி வைத்துக்கொண்டு அந்த டாக்டர் எதைத்தான் தேடுவார்?

அடுத்த தடவை அண்ணன் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது கூப்பிடாமலே கூடப் போனேன். "தறி ஓட்டல சார், பிளாஸ்டிக் ஆயில்ல கைய விட்டுப் பிசையிறாரு" என்று போட்டு உடைத்துவிட்டேன். அதுதான் காரணம் என்று சொல்லமுடியாது, ஆனால் இனி வெறுங்கையால் தொடவே கூடாது என்றார் டாக்டர். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஆரப்பாளையம் பஸ்ஸில் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டார். அந்த முதுகைப் பார்த்து அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் கையுறை போட்டிருந்தார். பதம் பிடிபடாமல் திணறினார். பார்க்கப் பாவமாக இருந்தது. நான் தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று கலவைக்குள் கையைக் கொண்டுபோனேன். மணிக்கட்டை வெடுக்கென்று பிடித்துத் தள்ளினார்.

"புள்ளக்காரி நீ. கைய எடு."

முந்தின நாளிலிருந்து அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அது.