அப்பா கொடுக்கத் தவறிய ரிஜிஸ்தர் தபால்

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய மகளின் வணக்கம். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதிவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் மருத்துவமனையில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன ஒன்று இருக்கிறது. அதை எழுதினால், நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் வளர்ந்து இப்போது பக்கத்து ஊரான வடக்குத்தில் தையல்கடை வைத்திருக்கும் செல்வி அக்கா இனி எங்கள் முகத்தில் விழிப்பாரா என்று தெரியவில்லை. பயந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

அப்பா காடாம்புலியூரில் முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தார். பத்தாவது முடித்து, நெய்வேலி டவுன்ஷிப்பில் தபால்காரர் ஆனார். அதுவும் தற்காலிகம்தான். பர்மனென்ட் ஆவதற்குள் தலை நரைத்துவிட்டது. சுரங்க வேலைக்காக எல்லா மாவட்டத்து ஆட்களும் குடியேறிய ஊர் என்பதால் அந்நாளில் பை நிறையக் கடிதம் இருக்கும். தந்தி என்றால் சைக்கிள் மணி கேட்டதுமே பெண்கள் நெஞ்சில் கைவைப்பார்களாம். "பயப்படாதீங்க, கொழந்த பொறந்துருக்கு!" என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு போவார் அப்பா.

அப்போது குவார்ட்டர்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டுக்காரர் ஷிப்டுக்குப் போயிருந்தால், ரிஜிஸ்தர் தபாலைப் பக்கத்து வீட்டார் கையெழுத்துப் போட்டு வாங்கி வைப்பார்கள். சட்டப்படி தப்பு. ஆனாலும் பிளாக் முழுக்க அப்படித்தான் நடந்தது. ஒரு பொங்கலுக்கு முன்பு, செல்வி அக்காவுக்குச் சென்னையில் தட்டச்சர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. வீடு பூட்டியிருக்கவே, அப்பா பக்கத்து வீட்டம்மாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு தபாலைக் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவோ, திருநெல்வேலி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அதை அலமாரிக்குள் வைத்து, வீட்டையும் பூட்டிக்கொண்டு பொங்கல் லீவுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் செல்வி அக்கா கேட்டில் நின்று, "எனக்கு எதுனா வந்துச்சாங்கண்ணே?" என்று கேட்டார். பக்கத்து வீட்டில் பூட்டு தொங்கியதை அப்போதுதான் அப்பா பார்த்தார். உண்மையைச் சொன்னால் கையெழுத்து விஷயம் ஆபீஸுக்குப் போகும், இருக்கிற வேலையும் போகும். நான் கைக்குழந்தை. "இன்னும் வரலம்மா" என்று சொல்லிவிட்டார். அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் அதையே சொன்னார். அன்றைக்கே சொல்லியிருந்தால் பூட்டை உடைத்தாவது எடுத்திருக்கலாமே, பாவி மனுஷர்! பக்கத்து வீட்டம்மா திரும்பி வந்தது நேர்முகத் தேர்வு முடிந்த பிறகு. அவரையும் வாய் திறக்க வேண்டாம் என்று கெஞ்சிவிட்டு, அப்பா கவரை எடுத்துப்போய், "இப்பத்தாம்மா வந்துச்சு" என்று கொடுத்தார். செல்வி அக்கா கவரைத் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாராம்.

அதிலிருந்து, பெயருக்குரியவர் நேரில் வந்து நின்றால்தான் ரிஜிஸ்தர் தபால் அப்பாவின் பையைவிட்டு வெளியே வரும். "என் வூட்டுக்காரருக்கு வந்தத என்கிட்ட குடுத்தா நான் என்ன தின்னுடவா போறேன்?" என்று பெண்கள் கேலி செய்வார்கள். தந்தி நின்றது, கடிதம் குறைந்தது, செல்போன் திரையில் விரலால் கையெழுத்துப் போடும் காலமும் வந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அப்பாவுக்குப் படபடப்பு வந்துவிடும். ரிஜிஸ்தர் தபாலையே ஸ்பீட் போஸ்டோடு சேர்க்கிறார்கள் என்ற செய்தியை மருத்துவமனைப் படுக்கையில் கேட்டவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் இவ்வளவையும் என்னிடம் சொன்னார். "எனக்கு வாய் வரல பாப்பா. நீயாவது செல்விகிட்ட சொல்லிடு."

எப்படிச் சொல்வது? தையல் மிஷினை நிறுத்திவிட்டு, தினமும் வடக்குத்திலிருந்து அவருக்குக் கஞ்சி கொண்டுவந்ததே செல்வி அக்காதான். அப்பாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுத்த தபால் ஆபீஸ் நண்பர்களுக்கும், கடைசிவரை உடன் நின்ற பிளாக் மக்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செல்வி அக்காவுக்கான நன்றியை மட்டும் நாலு தடவை எழுதி அடித்தேன்.

இதுவரை எழுதியதை அச்சுக்குக் கொடுக்க மனம் வராமல், எடுத்துக்கொண்டு வடக்குத்துக்குப் போனேன். அக்காவிடம் படித்துக் காட்டினேன். அவர் மிஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"கவருக்குப் பின்னாடி நம்ம போஸ்டாபீஸ் முத்திரை இருந்துச்சு பாப்பா. பொங்கலுக்கு முன்னாடி தேதி. எனக்கு அன்னிக்கே தெரியும். அவரா சொல்லுவாருன்னு பாத்துகினே இருந்தேன். கஞ்சி ஊத்தறப்பகூட பாத்துகினேதான் இருந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. மன்னித்துவிட்டீர்கள் என்று எழுதட்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் எழுதாத. எனக்குத் தெரியும்னு மட்டும் எழுது."

எழுதிவிட்டேன், அப்பா.