வெள்ளை நாவல் கொட்டைகள்

போன வாரம் சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் நாவல்பழம் பார்த்தேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே கறுப்பு. ஒன்றை வாயில் போட்டதுமே நாக்கைப் பிடித்துக்கொண்டது துவர்ப்பு. கூடவே ஸ்டெல்லா டீச்சர் ஞாபகம். கொட்டையைத் துப்ப மனம் வரவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் அவரும் திருச்சியில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம். எனக்கு ஸ்ரீரங்கம், அவருக்குப் புத்தூர். எந்தப் பழம் தின்றாலும் கொட்டையை எறியமாட்டார். கழுவி, காகிதத்தில் மடித்து, டீச்சர்கள் அறைக்குக் கொண்டுவந்துவிடுவார். உறையூரில் ஒரு வீட்டில் ராம்சீத்தா, தென்னூரில் சிவப்புக் கொய்யா, பாலக்கரையில் கொடுக்காப்புளி என்று அவர் கைப்பையிலிருந்து போன மரங்கள் ஊர் முழுக்க நின்றன. வாங்கியவர்களும் பதிலுக்கு ஏதாவது விதை கொண்டுவருவார்கள். நான் கொண்டுபோனது மாவடு ஊறுகாய். அது எங்கே முளைக்கும்!

அவர் வீட்டில் வெள்ளை நாவல் மரம் ஒன்று இருந்தது. பழுத்தாலும் பழம் கறுக்காது. ஓர் ஆடி மாதம் எட்டுக் கொட்டைகளை என்னிடம் நீட்டினார்.

"இந்த வருஷம் கிளி விட்டுவச்சது இவ்வளவுதாங்க டீச்சர். உங்க ஊரு ஆத்து மண்ணு, நல்லா வரும். காய விடாம போட்டுடுங்க. எங்க மரம் போயிட்டா நான் உங்ககிட்டதான் வரணும்."

வாங்கிக்கொண்டேன். பஸ் காவேரிப் பாலத்தில் போகும்போது பொட்டலத்தை ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டேன். அவர் வாயில் பட்ட எச்சில் கொட்டை என்ற நினைப்பு. பழியை மாமியார் தலையில் போட ஆசைதான். ஆனால் அந்த மாதம் மாமியார் ஊரிலேயே இல்லை.

மறுவாரம் கேட்டார். "முளைச்சுடுத்து டீச்சர்" என்றேன். அப்புறம் இரண்டு இலை, முழங்கால் உயரம், இடுப்பு உயரம். கேட்கும்போதெல்லாம் அவர் முகம் மலரும். நானும் தாராளமாக வளர்த்துவிட்டேன்.

மூன்றாம் வருஷம் பெருங்காற்றில் அவர் வீட்டு மரம் வேரோடு சாய்ந்தது. அடுத்த ஞாயிறு, சர்ச்சில் பூசை பார்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கிளையில் பதியம் கட்டிப் புதுக் கன்று எடுக்க ஈர மண்ணும் சாக்குத்துணியும் கையில் இருந்தன.

கொல்லையில் நின்றது ஒரு வாழை மட்டும்.

"ஆடு கடிச்சுடுத்து டீச்சர்."

"போன வாரம் இடுப்பு ஒசரம்னீங்களே?"

வாழையின் காய்ந்த சருகைக் கிழிக்க ஆரம்பித்தேன். சாக்குத்துணியை மெதுவாக மடித்துக்கொண்டே கேட்டார்.

"எச்சில்னு நினைச்சீங்களா? உங்க வீட்டு ஆசாரம் எனக்குத் தெரியாதாங்க? கத்தியால நறுக்கித்தான் கொட்டைய எடுத்தேன். வாயில வைக்கல."

திங்கட்கிழமை டீச்சர்கள் அறையில் யாரோ, "பதியம் கட்டியாச்சா?" என்று அவரைக் கேட்டார்கள்.

"இல்லைங்க. பாவம், இவங்க வீட்டுல ஆடு கடிச்சிடுச்சு" என்றார். என் பொய்யை எனக்காக அவரே சொன்னார். நான் நோட்டுத் திருத்துவதுபோல் குனிந்தே இருந்தேன்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் விதை கொண்டுவரவில்லை. இரண்டு வருஷத்தில் மாற்றலாகியும் போய்விட்டார். பிற்காலத்தில் உறையூர் ராம்சீத்தா, பாலக்கரைக் கொடுக்காப்புளி எல்லாம் அடுக்குமாடி கட்ட இடம் வேண்டுமென்று வெட்டப்பட்டுவிட்டன. வெள்ளை நாவலைத் திருச்சியில் அப்புறம் நான் எங்குமே பார்க்கவில்லை. மற்ற மரங்கள் வீடு கட்டப் போயின. இது என்னால் போனது.