மார்க்கெட்டில் குண்டு வைத்த தம்பி

நோர்வேயின் வடக்கே நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் பதினொரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. எல்லோரும் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொண்டுவந்த பாண் துண்டுகளை மேசையில் விரிப்பார்கள். அதற்கு இங்கே மாத்பாக்கே என்று பெயர். நான் சேர்ந்த புதிதில் ஒருநாள், எதிரே இருந்த ஸ்டைனார் பாணில் பழுப்புநிறச் சீஸை வைத்தபடி பக்கத்திலிருந்தவரிடம், "நேற்று எத்தனை பேரைக் கொன்றாய்?" என்று கேட்டார். "முப்பத்தொன்று" என்றார் மற்றவர். "பரவாயில்லையே" என்று பாணைக் கடித்தார் ஸ்டைனார். எனக்கு அப்போது நோர்வீஜிய மொழி அரைகுறைதான். தவறாக விளங்கிக்கொண்டேன் என்றே நினைத்தேன். ஸ்டைனார் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் பாடுகிறவர். சாப்பாட்டு அறைக்குள் வந்த ஈயைக் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளியே கொண்டுபோய் விடுகிறவர். அவர்கள் பேசியது தொலைக்காட்சியில் இணைத்து விளையாடும் போர் விளையாட்டைப் பற்றி என்று தெரிய எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

கேம் பெட்டியை நான் வாங்கியது தனிமையால்தான். ஸ்டைனார் தன் வீட்டுக்கு அழைத்து விளையாடக் காட்டினார். ஏதோ ஓர் அரபு நகரம் போல இருந்தது. உடைந்த மாடிகள், மூடிய கடைகள், நடுவில் உயர்ந்த ஒரு கோபுரம். கையில் துப்பாக்கியோடு நான் அந்தத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு மூலையில் மணல் மூட்டை அடுக்கிய சோதனைச்சாவடி வந்ததும் என்னையறியாமல் நின்றுவிட்டேன். "ஏன் நிற்கிறாய்? ஓடு, ஓடு!" என்றார் ஸ்டைனார். சாவடியைக் கண்டால் அடையாள அட்டையைக் கையில் எடுத்து, வேகத்தைக் குறைத்து, சிரிக்காமலும் முறைக்காமலும் நடந்து பழகியவன் நான். அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. "பொத்தான் மறந்துபோச்சு" என்றேன். பிறகு நன்றாகவே விளையாடக் கற்றுக்கொண்டேன். "நீ அங்கே பட்டாளத்தில் இருந்தாயா?" என்று அவர் உண்மையான மதிப்போடு கேட்டார். இல்லை, மாத்தளையில் ஒரு சரக்குக் கடையில் ஏலமும் கராம்பும் நிறுத்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவர் அதைப் பகிடி என்று நினைத்து வாய்விட்டுச் சிரித்தார்.

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு ஊர் போனபோது தம்பிக்கும் அதே மாதிரி ஒரு பெட்டி கொண்டுபோனேன். தம்பி ரவி என்னைவிட எட்டு வயது இளையவன். மாத்தளை டவுனில் ஒரு போன் திருத்தும் கடையில் வேலை. அம்மாவும் அவனும் பலாபத்வலையில், யாழ்ப்பாணம் போகும் பெரிய ரோட்டை ஒட்டிய வீட்டில் ஒரு பாதியில் வாடகைக்கு இருந்தார்கள். மறுபாதியில் வீட்டுக்காரி, சிங்களப் பெண் சோமாவதி நோனாவின் குடும்பம். நடுவில் பலகைத் தடுப்பு. அம்மா குழம்பு தாளித்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். நோனா பலாக்காய் அவித்தால் ஒரு கிண்ணம் இந்தப் பக்கம் வரும். ரவி பெட்டியைத் திறந்ததும் அதைத் தொடாமல் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். "இது மெய்யாவே எனக்காண்ணே?" என்றான். டெலிபோன் லைனில் இன்டர்நெட் எடுத்து, நான் நோர்வேக்குத் திரும்பிய இரண்டாவது வாரம் நாங்கள் ஒரே தெருவில் சேர்ந்து ஓடினோம்.

எனக்குக் காலை வேலை. இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து பெட்டியைப் போட்டால் அங்கே அவன் வேலை முடிந்து வந்து குளித்திருப்பான். காதில் மாட்டும் மைக்கில் அவன் குரல் பக்கத்தில் இருப்பது போலக் கேட்கும். அம்மா மிளகாய் இடிப்பது கேட்கும். வடக்கே ஆள் ஏற்றிக்கொண்டு போகும் பட்டாள லொறிகளின் இரைச்சலும் கேட்கும். சிலநேரம் அது விளையாட்டிலிருந்து வருகிறதா ரோட்டிலிருந்து வருகிறதா என்று தெரியாமல் நான் திரையில் வண்டியைத் தேடுவேன். அந்தப் பேர் தெரியாத நகரத்தில் இடங்களைச் சொல்லிக்கொள்ள எங்களுக்குப் பெயர்கள் தேவைப்பட்டன. மாத்தளை இடங்களின் பெயர்களையே வைக்கும் யோசனை என்னுடையது. இதை நான் எங்கேயும் மறைக்கப் போவதில்லை. மூடிய கடைகள் இருந்த சதுக்கத்துக்கு 'மார்க்கெட்' என்று பெயர் வைத்தேன். கோபுரம் 'மாரியம்மன் கோயில்' ஆனது. இடிந்த நீளமான கட்டடம் 'ரயில்வே ஸ்டேஷன்'. அகலமான தெரு, அம்மா வீட்டு வாசலில் போகும் யாழ்ப்பாண ரோட்டின் பெயரில், 'ஏ நைன்'. ஊரை விட்டு ஒன்பது வருடமாகிவிட்ட எனக்கு அந்தப் பெயர்களை வாயால் சொல்வதே சுகமாக இருந்தது. ரவி ஒரு கொப்பியில் அந்த நகரத்தைப் படமாக வரைந்து, எங்கே ஒளியலாம், எங்கே குண்டு வைக்கலாம் என்று அந்தப் பெயர்களையே எழுதி வைத்திருந்தான். அந்த விளையாட்டில் ஒரு அணி குண்டு வைக்க வேண்டும், மற்ற அணி தடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"அண்ணே, மார்க்கெட்ல பாம் வெச்சிட்டேன். கோயில் பக்கமா ரெண்டு பேரு வாறானுங்க. நீங்க ஏ நைன் ரோட்ட பாத்துக்குங்க" என்று கத்துவான். நானும் கத்துவேன். உண்மையான பஸ்களில் உண்மையான குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்த காலம் அது. பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமும் ரோட்டோரமும் ஆட்கள் இருப்பார்கள் என்றோ, மாத்தளையில் தமிழ் விளங்காத சிங்களவர்கூட 'மார்க்கெட்' என்பதையும் 'பாம்' என்பதையும் விளங்கிக்கொள்வார் என்றோ எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றாததை நான் மன்னிப்பேன். அவன் சந்தோஷமாக இருந்தான். தூரத்தில் இருந்து பார்த்தவன் நான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

போரின் கடைசி ஆண்டில் ஒரு சனிக்கிழமை. ஆட்டம் பாதியில் இருந்தது. ரவியின் ஆள் மார்க்கெட்டின் நடுவில் நின்றான். மைக்கில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அம்மாவின் குரல், "யாருங்க? யாருங்க?" பிறகு சப்பாத்துக் கால்கள். ஒன்றிரண்டல்ல. ரவி சிங்களத்தில், "மே கேம் எகக் சேர், கேம் எகக் விதரய்" என்றான். இது விளையாட்டு, வெறும் விளையாட்டு என்று. ஏதோ விழுந்தது. அம்மா அழத் தொடங்கினார். திரையில் ரவியின் ஆள் அசையாமல் நின்றுகொண்டிருந்தான். உலகத்தின் எந்த மூலையிலோ இருந்து விளையாடும் ஒருவன் வந்து அவனைச் சுட்டான். விழுந்தவன், விளையாட்டு வழக்கம்போலத் திரும்ப உயிர் கொடுத்து எழுப்பிய இடத்தில் அப்படியே நின்றான். திரும்பவும் சுட்டார்கள். நான் ஓடிப்போய் அவன் முன்னால் நின்றேன். வருகிறவர்களையெல்லாம் சுட்டேன். என் கைகள் அதைத்தான் செய்தன. வாய் மட்டும், "ரவி! டேய் ரவி! என்னடா நடக்குது?" என்று கத்திக்கொண்டிருந்தது.

அப்போது யாரோ அந்த மைக்கை எடுத்துக் காதில் வைத்தார். மூச்சுவிடுவது கேட்டது. "கவுத மே?" என்றார். யார் இது? நான் பேசவில்லை. "கதா கரன்ன" என்றார். பேசு. மாத்தளையில் பிறந்து வளர்ந்தவன் நான். கடையில் பாதி வியாபாரம் சிங்களத்தில்தான் நடக்கும். நான் இவனுடைய அண்ணன், இது பிள்ளைகள் விளையாடும் விளையாட்டு என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். ஆனால் வெளிநாட்டிலிருந்து ஒரு தமிழன் பேசுகிறான் என்றால் ரவியின் கதை இன்னும் மோசமாகும் என்று நினைத்தேன். அப்படித்தான் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை. பயந்தேன். பட்டனை அமுக்கிப் பெட்டியை அணைத்தேன். வெளியே நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரர் படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு கையசைத்தார். நானும் அசைத்தேன்.

அம்மா மறுநாள்தான் போனில் பேசினார். "தம்பிய கூட்டிட்டுப் போயிட்டாங்கப்பா. பொட்டியையும் கொப்பியையும் எடுத்துக்கிட்டாங்க. அந்தக் கொப்பில அப்படி என்னதாம்பா எழுதியிருந்தான்?" என்றார். நான் சொன்னேன். அம்மா, "நம்ம கோயில் பேரையா எழுதுனான்?" என்று மட்டும் கேட்டார். போலீஸில் யார் போய்ச் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. சோமாவதி நோனா அம்மாவின் கையைப் பிடித்து அழுதாராம், சட்டத்தரணியிடம் கூடவே போனாராம். அதன் பிறகும் அந்த வீட்டிலிருந்து ஏதாவது கிண்ணத்தில் வந்தால் அம்மா வாங்கி, அவர் போனதும் வெளியே கொட்டிவிடுவாராம். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் ஸ்டைனார், "தம்பி எப்படி? இந்த வாரம் ஜெயித்தீர்களா?" என்று கேட்டார். "போலீஸ் பிடித்துவிட்டது, விளையாட்டால்" என்றேன். அவர் பாணைக் கீழே வைத்தார். "கள்ள டிஸ்க்கா? இங்கேயும் இப்போது அதில் கெடுபிடிதான். கொஞ்சம் தண்டம் போடுவார்கள்" என்று என் தோளைத் தட்டினார். சரி என்று தலையாட்டினேன். இந்த ஊரில் இருக்கும் இரண்டு தமிழ்க் குடும்பங்களில் ஒன்று யாழ்ப்பாணம். அந்த வீட்டு அண்ணரிடம் போய்ச் சொன்னேன். அவருடைய சொந்தக்காரர்கள் வன்னியில் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் அவர் துடித்துக்கொண்டிருந்தார். "மாத்தளையிலயோ? அங்க உங்கட மலையகத்து ஆக்களுக்குப் பிரச்சினை ஒண்டும் இல்லைத்தானே" என்றார். அவர் மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை.

எட்டு மாதம். ரவி உள்ளே இருக்கும்போதே போர் முடிந்தது. பலாபத்வலைச் சந்தியில் பட்டாசு கொளுத்தி, ரோட்டில் போன பஸ்களை நிறுத்திப் பாற்சோறு கொடுத்தார்களாம். அம்மா வாரம்தோறும் பஸ்ஸில் போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவனைப் பார்த்துவந்தார். வழக்கு எதுவும் போடவில்லை. ஒருநாள் ஒரு கடிதத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். போன் கடைக்காரர் திரும்ப வேலைக்கு எடுக்கவில்லை. ரவிக்கு இடது காது கேட்பதில்லை என்று அம்மா சொன்னார். உள்ளே என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவன் வந்த பிறகு நான் போன் எடுத்த முதல் நாள், "ரவி, நான்தாண்டா" என்றேன். அவன், "ஹொந்தாய் அய்யே. அய்யாட்ட கொஹொமத?" என்றான். நல்லது அண்ணே, உங்களுக்கு எப்படி? சிங்களத்தில். யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்த வாரமும் சிங்களம்தான். அதற்கடுத்த வாரமும். அம்மாவிடம் கேட்டேன். "வீட்டுல எங்கிட்ட தமிழ்லதாம்பா பேசுறான், மெதுவா. போன்ல மட்டும் மாட்டேங்குறான். யாரு கேட்டாலும் வெளங்கட்டும்னு சொல்றான்" என்றார்.

ஆகவே இப்போது ஒரே தாய் பெற்ற நாங்கள் இரண்டு பேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் சிங்களத்தில் பேசிக்கொள்கிறோம். சாப்பிட்டீர்களா, மழை பெய்கிறதா, அம்மாவின் கால்வலி எப்படி. அந்த அளவுக்கு என் கடைச் சிங்களம் போதும். போன வாரம், அன்றைக்கு நான் பெட்டியை அணைத்ததைச் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தேன். தமிழில் தொடங்கினால் வைத்துவிடுவான். சிங்களத்தில் தொடங்கினேன். அந்த நாள், அந்த மனிதர் என்னைக் கேட்டார், நான்... அதற்கு மேல் சொல் வரவில்லை. மன்னிப்புக் கேட்கும் சிங்களச் சொல்லைத் தேடினேன். எத்தனையோ தரம் சொன்ன சொல். நாக்கில் 'உன்ஷில்ட்' என்று நோர்வீஜியச் சொல்தான் வந்தது. இங்கே கடையில் வழிவிடச் சொல்லிக் கேட்பதற்கும் அதையேதான் சொல்வார்கள்.

"மொகக்த அய்யே?" என்றான் ரவி. என்ன அண்ணே?

"மொகுத் நே" என்றேன். ஒன்றுமில்லை. இரண்டு பேரும் போனை வைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தோம்.