விடாத பெடல்

நம்பாதவர்கள் நம்பாமலே போகட்டும். இது நடந்தது. அதுவும் பேய்களுக்கென்று ஒதுக்கிய நள்ளிரவில் அல்ல. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றரை மணிக்கு, என் மாமனாரின் கார் கொட்டகையில்.

மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதிகாரத்திலிருந்து இன்னும் ஓய்வு பெறவில்லை. பழைய கார் ஒன்றை வாங்கி 'மகாராணி' என்று பெயர் சூட்டியிருந்தார். திங்கள் காலை அதில்தான் என் மகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதாகத் தெரு முழுக்கச் சொல்லியும் விட்டார். பள்ளிக்கூடம் இருப்பது செங்குத்தான இறக்கத்தின் அடியில். மகாராணிக்கு அடியில் எட்டிப் பார்த்தேன். பிரேக் பைப்புகள் துருவேறி, விரல் பட்டாலே உதிர்ந்தன.

"மெக்கானிக்கிட்ட விட்டுடலாம் மாமா."

"மகாராணிய கண்டவன் தொடக்கூடாது மாப்ள. நீங்க பண்ணுங்க. நான் மேற்பார்வை."

காலை முழுக்கத் துருப்பிடித்த நட்டுகளோடு மல்லுக்கட்டினேன். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி பெயர்ந்தது. பிரேக் ஆயில் கண்ணில் சொட்டியது. மேற்பார்வை நாற்காலியில் கால்மேல் கால் போட்டிருந்தது.

புதுப் பைப் மாட்டியதும் உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அதற்கு இரண்டு பேர் தேவை. சீட்டில் இருப்பவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, அடியில் இருப்பவர் சக்கரத்துக்குப் பின்னாலுள்ள திருகைத் திறப்பார். காற்றும் ஆயிலும் வெளியே வரும். திருகை மூடிவிட்டு 'விடுங்க' என்று சொன்ன பிறகுதான் காலை எடுக்கலாம். முன்னாலேயே எடுத்தால் காற்று திரும்ப உள்ளே ஓடிவிடும்.

மாமனார் முன்னாலேயே எடுத்தார். ஒவ்வொரு தடவையும்.

"நான் விடச் சொன்னேனா மாமா?"

"எத்தன பேர வேல வாங்கியிருக்கேன். எனக்கு நீங்க சொல்லணுமா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று சக்கரம் முடிப்பதற்குள் உயிர் போனது. கடைசிச் சக்கரத்துக்காகக் காருக்கு அடியில் புகுந்தேன்.

"மிதிங்க."

சீட் ஸ்பிரிங் முனகியது... பெடல் இறங்கியது.

"விடுங்க."

விட்டது. சொன்ன பிறகுதான் விட்டது.

மறுபடி சொன்னேன். அதேபோல். பேச்சில்லை, அறிவுரையில்லை. சொன்னதைச் செய்கிற மாமனார்... எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"மிதிங்க."

க்ரீச்...

திருகைத் திறந்தேன். சுத்தமான ஆயில். ஒரு குமிழிகூட இல்லை. மூடினேன்.

வெளியே யாரோ சிரித்தார்கள்.

தலையைத் திருப்பினேன்.

வாசலுக்கு அப்பால், வெயிலில், மாமனாரின் கால்கள். போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமாப்பா, பிரேக் வேலய நானேதான் பாக்கறேன்..."

எனக்கு மேலே...

ஸ்பிரிங் முனகியது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. சீட்டில் யாரும் இல்லை. பெடல் மட்டும் அமுங்கியே இருந்தது. பின்னால் சிவப்பு பிரேக் விளக்குகள் இரண்டும் எரிந்தன.

மறுநாள் மகாராணி நகரவில்லை. கண்டவனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மெக்கானிக் மூன்று தரம் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "உங்க வேல சுத்தமா இருக்கு சார். ஆனா யாரோ மிதிச்சுக்கிட்டே இருக்கற மாதிரில்ல இருக்கு."

காரை விற்ற தரகரை உலுக்கியபோதுதான் விஷயம் வந்தது.

"பழைய ஓனர் ஒரு இறக்கத்துல போனாரு சார். துருப்பிடிச்ச பைப் வெடிச்சிருச்சு. கூட அவர் பேத்தி... ரெண்டு பேருமே இல்ல. அவரத் தூக்கும்போதும் கால் பெடல்லயேதான் இருந்துச்சாம். எடுக்கவே முடியலையாம்."

பேட்டரியைக் கழற்றிவிட்டோம். கொட்டகைக் கதவின் அடியில் இன்னும் சிவப்பு வெளிச்சம் தெரிகிறது.

கடைசியாக நான் 'மிதிங்க' என்றுதான் சொன்னேன். 'விடுங்க' என்று சொல்லவில்லை.

"உள்ள போய் அந்த ஒரு வார்த்தைய சொல்லிடுங்க மாப்ள" என்கிறார் மாமனார், தெருவில் நின்றுகொண்டு.

நான் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை. என் மகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகிறாள்.