கண்ணாடிக்குத் தெரியாத லயம்

போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு, ஞானம்மா அக்கா தடித்த பிரேம் போட்ட கறுப்புக் கண்ணாடியோடு லயத்து வாசலில் வந்து நின்றார். பக்கத்துக் காம்பிரா ராணிக்கு வாய் சும்மா இருக்குமா?

"அடியாத்தி... படத்துல நடிக்கக் கூப்பிட்டாங்களாக்கா?"

"ஆமாடி. வில்லி வேசம் இன்னும் காலியாத்தான் கெடக்கு. நீ வர்றியா?"

எல்லோரும் சிரித்தோம். அக்காவின் மகன் அந்தோணி மட்டும் சிரிக்கவில்லை.

இலங்கையில் எஹலியகொடைக்கு மேலே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் தோட்டம். தொழிலாளர்களுக்காக ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகள்தான் லயம்; ஒவ்வொரு அறையும் ஒரு காம்பிரா. நான் பிறந்ததும் அங்கேதான். ஞானம்மா அக்கா முப்பது வருசம் அங்கே பால் வெட்டியவர். இருட்டு விலகுமுன் மரத்தைத் தொட்டே பட்டையின் ஆழம் சொல்வார். சீனி வியாதி போன வருசம் இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. மகனுக்குக் கொழும்பில் கடை வேலை. அம்மாவோடு தங்க முடியாது, தனியாக விடவும் பயம். ஆகவே ஒரு பரீட்சை வைத்தான்.

"தனியாப் பைப்படிக்குப் போயி, தண்ணி புடிச்சிக்கிட்டு, தனியாத் திரும்பி வந்திருங்கம்மா. வந்துட்டீங்கன்னா இங்கேயே இருங்க. இல்லாட்டி நாளைக்கே சிஸ்டர்மாரோட முதியோர் இல்லத்துக்குப் போயிரணும்."

"ஹரி ஹரி" என்றார் அக்கா, சிங்களத்தில். சரி என்று சொல்ல எங்கள் ஊரில் எல்லோருக்கும் அதுதான் வாயில் வரும்.

பரீட்சைக்குத் துணையாக, துபாயிலிருந்து வந்த நண்பன் மூலம் அந்தோணி வரவழைத்ததுதான் இந்த ஸ்மார்ட் கண்ணாடி. பிரேமின் மூலையில் மிளகளவு கேமரா. காதோரத் தண்டில் மைக்கும் ஸ்பீக்கரும். நாம் கேட்டதும் கேமரா படம் எடுக்கிறது. படம் சட்டைப்பையிலுள்ள போனுக்குப் போகிறது. போன் அதை எங்கோ கடலுக்கு அப்பாலுள்ள கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. அது கோடிக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியது. 'இது இன்னது மாதிரி இருக்கிறது' என்று முடிவு கட்டிப் பதில் அனுப்ப, அதைக் கண்ணாடி காதில், பின்னால் வருகிறவர்களுக்கும் கேட்கிற சத்தத்தில் பேசுகிறது. எல்லாம் இரண்டு மூன்று விநாடிக்குள். அற்புதம் இல்லாமல் வேறென்ன?

அக்கா வாளியோடு, 'என்ன தெரியுது?' என்று கண்ணாடியைக் கேட்டுக் கேட்டு நடந்தார். அந்தோணியும் நானும் பத்தடி பின்னால். எங்களுக்குப் பின்னால் லயத்துச் சனம் மொத்தமும். "யாரும் வாயத் தொறக்கக் கூடாது" என்பது அந்தோணியின் உத்தரவு.

"இடது பக்கம் ஒரு நாய் படுத்திருக்கிறது" என்றது கண்ணாடி.

"அது நம்ம டைகருதாம்மா, ஒண்ணும் பண்ணாது" என்று அதற்கே தைரியம் சொன்னார் அக்கா.

"முன்னால் மூன்று படிகள் இருக்கின்றன."

"தெரியும், தெரியும். ரேடியோவுல செய்தி வாசிக்கிற புள்ள மாதிரியே பேசுதே!"

தண்ணீர் பிடித்தார். திரும்பினார். வாளி தளும்பவில்லை. அந்தோணியின் முகம் இளகத் தொடங்கியது. வாசலுக்கு இன்னும் நாலே எட்டு — அங்கேதான் அக்கா நின்றார். கால் சரியாகத்தான் கொண்டுவந்திருந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டு நிச்சயப்படுத்திக்கொள்ள ஆசை.

"லயத்துக்கு வந்துட்டனாம்மா?"

"லயம் என்பது இசையில் காலத்தின் சீரான ஓட்டம்..." என்று ஆரம்பித்தது கண்ணாடி.

"அடி போடி, பாட்டு டீச்சரே! முன்னால என்ன தெரியுது? அதச் சொல்லு."

இரண்டு விநாடி. மூன்று விநாடி.

"கைவிடப்பட்ட ஒரு பழைய கட்டடம் தெரிகிறது. துருப்பிடித்த தகரக் கூரை. மாட்டுத் தொழுவமாக இருக்கலாம். மனிதர்கள் வசிப்பதற்கான அடையாளம் இல்லை."

அக்காவின் முகம் வெளிறியது. வழி தவறிவிட்டதாக நினைத்துவிட்டார். ஐம்பது வருசம் நடந்த காலை நம்பவில்லை... காதில் பேசிய குரலை நம்பினார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'அக்கா, அதுதான் உங்க வீடு' — அவ்வளவுதான். அந்தோணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அக்கா தன் வாசலுக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியையும் கேட்காமல், வந்த வழியை விட்டு விலகி வீட்டைத் தேடி நடந்தார். நான்காவது அடியில் கான் — மழைத்தண்ணீர் ஓடும் ஆழமான வாய்க்கால். நாங்கள் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் விழுந்துவிட்டார். முழங்காலில் இரத்தம். அம்மாவைத் தூக்கிய அந்தோணிதான் அழுதான். ஆனாலும் முடிவை அவன் மாற்றவில்லை.

இனி வரும் கண்ணாடிகள் இன்னும் மெலிசாக இருக்குமாம். போனே வேண்டாமாம். பார்வை கொஞ்சம் உள்ளவர்களுக்குக் கண்ணாடியிலேயே வழியும் எழுத்தும் தெரியுமாம். நம்புகிறேன். ஆனால், காட்டிய படங்களிலிருந்துதானே அது கற்கிறது? 'வீடு' என்று பெயரிட்ட அத்தனை படங்களில் எங்கள் லயம் ஒன்றாவது இருந்திருக்குமா? யார் எடுத்தோம்? கல்யாண ஆல்பத்தில்கூட லயம் விழுந்துவிடக் கூடாதென்று தோட்ட மேனேஜர் பங்களாவின் குரோட்டன் செடிக்கு முன்னால் போய் நின்றவர்கள்தானே நாங்கள்? எங்களுக்கே காட்டக் கூச்சமாக இருந்ததை, ஒரு மெஷின் எங்கே போய்ப் படித்திருக்கும்?

திங்கட்கிழமை காலை த்ரீவீல் வந்தது. அக்காவைக் கைபிடித்து ஏற்றிவிட்டேன்.

"நான் ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்க்கா."

"நீ என்ன பண்ணுவ தம்பி? அது மேலயும் குத்தம் இல்ல. பாத்ததைத்தான் சொல்லிச்சு. நம்மதான் இத்தன வருசமா அத வீடு வீடுன்னு சொல்லிக்கிட்டிருந்தோம்."

த்ரீவீல் சரிவில் இறங்கி மறைந்தது.

அடுத்த மாடல் இதைவிடத் துல்லியமாகப் பார்க்குமாம்... அதுதான் பயமாக இருக்கிறது.